வேட்டியில் பொக்கற் இல்லை

ஐரோப்பாவில் எந்த நாட்டில் எப்படி ரயில் ரிக்கற் எடுப்பது என்று இரஞ்சிதத்தைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவாள். சூரிச் ஸ்டேஷனில் மறிக்கப் படலையும் இல்லை, காவலும் இல்லை. நேரே ஏறிக் குந்தலாம். ஆனால் ரிக்கற் இல்லாமல் பிடிபட்டால் மானம் கப்பலேறும். ஜெர்மனியில் ரிக்கற்றை வாங்கினால் மட்டும் போதாது, பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் அது வெறும் கடதாசி. லண்டன் ரயிலுக்கு ஏறும்போதும் அட்டையைத் தொடவேண்டும், இறங்கும்போதும் தொடவேண்டும். பஸ்ஸுக்கு ஏறும்போது மட்டும். பாரிஸிலோ ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து முகத்தில் காற்றுப் படும்வரை ரிக்கற்றைத் தொலைக்கக் கூடாது.

இத்தனையும் தெரிந்தவள் ஐரோப்பாவில் கால் வைத்ததே இல்லை. தான் இருக்கிற நோர்த்மீட்டிலிருந்து பக்கத்துப் பரமட்டாவுக்கு பஸ்ஸில் போவதென்றாலும் மகளைத் துணைக்குக் கூப்பிடுகிற ஆள் அவள். "எங்கட அம்மா பாரிஸ் லா சப்பலுக்குத் தனியப் போவா, இஞ்ச கிடக்கிற வெஸ்ற்மீட் கோயிலுக்குத்தான் போகமாட்டா" என்று தாரகா பகிடி பண்ணுவாள்.

எல்லாம் சஜிதாவின் கலியாணத்துக்காகத்தான். சஜிதா, பாரிஸில் இருக்கிற தங்கை பவளராணியின் மகள். பெற்றது பவளம், வளர்த்தது இரஞ்சிதம். ஏஜென்சிக்காரனை நம்பி பவளம் பாரிஸுக்கு வெளிக்கிட்டபோது பிள்ளைக்கு ஒரு வயது. ஆறு வருஷம் கொழும்பில் ஒரு சின்ன அறைக்குள், தாரகாவுக்கும் சஜிதாவுக்கும் ஒரே கோப்பையில் சோறு குழைத்து, இரண்டு வாய்க்கும் மாறி மாறித் தீத்தினாள். கடைசியில் பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டு வந்து, அந்தக் கோப்பையைக் கழுவ மனமில்லாமல் குசினியில் குந்தியிருந்து அழுதவள். அந்தப் பிள்ளை மணவறையில் இருக்கும்போது பக்கத்தில் நிற்கவேண்டும். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

கலியாணம் பேச்சுப்பட்ட நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்கைப்பில் பாடம்தான். முதலில் சூரிச்சில் இறங்கி அண்ணன் சச்சிதானந்தன் வீட்டில் நிற்பது, அங்கிருந்து ரயிலில் பாரிஸ், பிறகு லண்டன் என்று திட்டம். சூரிச் பாடத்தை அண்ணன் நடத்தினார், பாரிஸ் பாடத்தைப் பவளம். நடுவில், சித்திரை மாதம், பவளம் சொன்னாள்: "அக்கா, கலியாண ஹோல் கிடைக்கேல்ல. அடுத்த வருசம் ஆனிக்குத் தள்ளிப் போட்டாச்சு." கூடப்பிறந்தவள் சொல்லுகிறாள், நம்பாமல் என்ன செய்வது? முதியோர் இல்லச் சமையலறை வேலையில் எடுத்த லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரஞ்சிதம் ஆனியை எண்ணிக்கொண்டு இருந்தாள்.

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம். கணவர் சபாரத்தினம் இரவு வேலை முடித்து வந்து அறைக்குள் குறட்டை. தாரகாவும் புருஷன் யசோதரனும் தையலுக்குக் கொடுத்த பிளவுஸை எடுக்க ஹரிஸ் பார்க் போயிருந்தார்கள். ஆனிக் கலியாணத்துக்கு இப்போதே பிளவுஸ், ஆசைக்கு அளவேது? ஸ்கைப் அடித்தது. திரையில் அண்ணனின் முகம் அடுப்பில் வைத்த சட்டி போலச் சிவந்திருந்தது.

"ரஞ்சி, உந்தப் பாரிஸ்காரங்கள் மனுசரே? எனக்கு ஃபைன் அடிச்சுப் போட்டாங்களடி! எனக்கு!"

இருபது வருஷத்துக்கு மேல் சூரிச்சில் ட்ராமும் ரயிலும் ஏறி இறங்கி, ஒருநாள்கூடப் பிடிபடாத மனுஷன். அவருக்கு இருக்கிற பெருமையே அது ஒன்றுதான். இரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்தது.

"ரிக்கற் எடுக்காமல் ஏறினீங்களோ அண்ணை?"

"எடுத்தனான்! எடுத்து, மெசினுக்கு விட்டுத்தான் உள்ள போனனான். வெளிய வரேக்க நாலு பேர் மறிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள், ரிக்கற்றைக் காட்டு எண்டு. எங்க காட்டுறது?"

"நான் இஞ்ச நோர்த்மீட்டில இருந்தே சொல்லுவன், வெளிய வருமட்டும் பத்திரம் எண்டு. பொக்கற்றுக்குள்ள வைச்சிருக்கலாம்தானே?"

"வேட்டியில பொக்கற் எங்கயடி கிடக்கு? பட்டுவேட்டி! இடுப்பில சொருகினனான், எஸ்கலேற்றரில ஏறேக்க எங்கயோ நழுவிட்டுது. சால்வையை உதறி உதறித் தேடுறன், சனம் சுத்தி நிண்டு படமெல்லே எடுக்குது!"

இரஞ்சிதம் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். பட்டுவேட்டியும் சால்வையுமாக அண்ணை ரிக்கற் பார்க்கிற நாலு கொன்ரோல்காரருக்கு நடுவில்! ஐயோ கடவுளே, சஜிதாவுக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தாள். நினைத்த இடத்தில் சிரிப்பு நின்றது.

அண்ணைக்கு வேட்டி என்றால் வேப்பங்காய். அப்பாவின் திவசத்துக்கே ஜீன்ஸோடு குந்தியவர். அவரைப் பட்டுவேட்டி உடுத்தவைக்க இந்த உலகத்தில் ஒரே ஒரு காரியத்தால்தான் முடியும்.

"பட்டுவேட்டியோட மெற்றோவில எங்க போனீங்கள் அண்ணை?"

திரை அப்படியே நின்றது. இன்ரநெற் சிக்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அண்ணனின் கண் வெட்டியது. பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது: "நான் அப்பவே சொன்னனான், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ எண்டு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் இல்லை, பாவம், இரஞ்சிதம்.

"எப்ப அண்ணை?"

"போன சனி."

"ஆர் ஆர் வந்தவை?"

"சொந்தக்காரர் எல்லாரும்தான்..." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒஸ்லோவால தேவராஜா குடும்பம், லண்டனால சிறிதரன் ஆக்கள். பவளம்தான் உனக்குச் சொல்ல வேண்டாமெண்டவள், ரஞ்சி. நான் என்ன செய்ய?"

என்ன செய்யவா? தாய்மாமனாய் முன்னுக்கு நிற்கத் தெரிந்தது, தங்கச்சிக்கு ஒரு போன் எடுக்கத் தெரியவில்லை! லண்டன்காரன் அட்டையைத் தொட்டு வந்திருக்கிறான், ஒஸ்லோக்காரன் பறந்து வந்திருக்கிறான். ரிக்கற் பாடத்தை மாதக்கணக்காய் மனப்பாடம் செய்தவள் மட்டும், போன சனிக்கிழமை முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு நின்றாள். தள்ளிவைத்த கலியாணத்தைப் பற்றி அதற்குப் பிறகும் ஞாயிறு தோறும் கதைத்தார்களே, முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டு! "மெற்றோவில ரிக்கற்றைத் துலைச்சுப் போடாதேங்கோ அக்கா" என்று போன கிழமைகூடப் பவளம் சொன்னாளே.

அண்ணனின் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பவளத்துக்கு எடுத்தாள். பவளம் முகத்தைப் பார்த்ததுமே அழத் தொடங்கினாள்.

"மாப்பிளை பகுதி எங்கட ஊர் ஆக்கள் அக்கா. தாரகா செய்த கலியாணம் அவையளுக்குத் தெரிஞ்சு போச்சு. யசோதரன் என்ன சாதி, ஆற்ற பகுதி எண்டு கேட்டு விசாரிச்சவை. நீங்கள் குடும்பத்தோட வந்து நிண்டா தாங்கள் எழும்பிப் போவினமாம்."

"யசோதரன் எப்பிடியடி வாறது? படகில வந்து பிரிட்ஜிங் விசாவில நிக்கிற பெடியன். இந்த நாட்டை விட்டு ஒருக்கா வெளிக்கிட்டா திரும்பி வர ஏலாது. அவன் எங்க பாரிஸுக்கு வாறது?"

"தாரகா வருவாள்தானே அக்கா."

இரஞ்சிதம் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"சஜிதாவுக்குத் தெரியுமோ?"

பவளம் மூக்கைத் துடைத்தாள். "அவளும் ஓமெண்டுதான் சொன்னவள். கலியாணம் குழம்பக் கூடாது எண்டு."

அதோடு இரஞ்சிதம் உடைந்துபோனாள். குழைத்துத் தீத்திய கை எரிந்தது. என்ன கதைக்கிறோம் என்று தெரியாமல் கத்தினாள்:

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேயடி, பாவி! அவள் தாரகாவுக்கும் அவனுக்கும் மூச்சுக் காட்டாமல் நான் தனிய வந்திருப்பனே! எனக்கு மகளே இல்லையெண்டு சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பன், என்ர பிள்ளையின்ர கலியாணத்தை ஒருக்காப் பாக்கிறதுக்கு!"

பவளத்தின் கண் திரையில் வேறெங்கோ போயிற்று. இரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள். குசினி வாசலில் தாரகா நின்றாள். கையில் பிளவுஸ் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது.

இரஞ்சிதம் மடிக்கணினியைச் சாத்தினாள். "பிள்ளை..."

"கலியாணம் முடிஞ்சுதா அம்மா?"

"ஓம்."

"எங்களால."

"உங்களால இல்லையடி. அவையள் செய்த துரோகம். அம்மா கோவத்தில என்னவோ சொல்லிப் போட்டன்..."

"நோ அம்மா. யூ மென்ட் இட்." தாரகா அழவில்லை. அழுதிருந்தால் இரஞ்சிதத்துக்குக் கட்டிப்பிடிக்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். "சின்னம்மா கேட்டிருந்தா நீங்களும் எங்களுக்கு மறைச்சிருப்பீங்கள். பாரிஸில நிண்டுகொண்டு, ஸ்கைப்பில என்னைச் சிரிக்க வைச்சுக்கொண்டே மறைச்சிருப்பீங்கள்."

இல்லை என்று சொல்ல இரஞ்சிதம் வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை. தன்னைத் தள்ளிவைத்தவர்களைச் சபித்த அதே வாயால், தன் பிள்ளையைத் தள்ளிவைக்கச் சம்மதித்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே கார்க் கதவு சாத்துப்பட்டது. யசோதரன் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தான். கையில் நீள நாடா வைத்த சின்னத் துணிப் பை ஒன்று.

"மாமி, உங்களுக்கொரு சாமான் வாங்கினனான்," என்றான். "பாரிஸில பொக்கற்றடிக்கிறவங்கள் கூடவாம். பாஸ்போட், ரிக்கற் எல்லாத்தையும் இதுக்குள்ள வைச்சுக் கழுத்தில போட்டுக்கொள்ளுங்கோ. சீலைக்கு உள்ளால விட்டா ஒருத்தருக்கும் தெரியாது. என்னாலதான் வர ஏலாது, நீங்கள் துலைஞ்சு போகாமல் போட்டு வரவேணும்." அவன் பையைத் தாரகாவிடம் நீட்டினான். "இந்தாரும், மாமிக்குப் போட்டு விடும், நீளம் காணுமோ எண்டு பாப்பம்."

தாரகா கையை நீட்டவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். யசோதரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏன், நிறம் பிடிக்கேல்லையோ மாமி? மாத்தலாம்," என்றான்.