நாலாவது கோடு

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தான். ஒரு சட்டையை இஸ்திரி போட்டான். பால் பொங்கும் நேரத்துக்குப் பக்கத்து அறையில் பிரின்டர் தொண்டையைக் கனைக்கும், ஒரு தாளைத் தள்ளும், அடங்கும். வெள்ளிக்கிழமைதோறும் அப்படித்தான். அன்றும் வெள்ளிக்கிழமை. பால் பொங்கியது. பிரின்டர் வாயைத் திறக்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

அது அவன் மனைவியின் அறை. குழந்தைகள் பள்ளிகளுக்குப் படஅட்டை வரைந்து கொடுத்து வந்தாள். வாத்து, கிளி, சூரியன், பேருந்து. அவள் போன பிறகு அங்கே எதையும் அவன் தொடவில்லை. கம்ப்யூட்டரை அணைக்கக்கூட இல்லை. அது பாட்டுக்குத் தூங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைச் சத்தத்தைப் பிரின்டரின் சொந்தப் பழக்கம் என்றே நினைத்திருந்தான். சிலர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதில்லையா, அதுபோல. தாளைத் தாங்கும் தட்டு எப்போதோ உடைந்திருந்தது. அதனால் தாள் வழுக்கி மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் விழும். அந்தப் பெட்டியை அவன் எட்டிப் பார்த்ததில்லை.

போய்ப் பார்த்தான். திரை விழித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு கேள்வி: இதை எந்தப் பெயரில் சேமிக்க வேண்டும்?

எதை? யார் சேமிக்கச் சொன்னது? வீட்டில் அவனைத் தவிர ஈ காக்கை இல்லை.

இரண்டு நாள் முன்பு அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு பெரிய அப்டேட்டை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. திரையில் வட்டம் சுற்றுவதை வாசலில் நின்று பார்த்திருந்தான். அதன் வேலையாகத்தான் இருக்கும் என்று கட்டத்தை மூடிவிட்டு ஆபீசுக்குப் போனான். அடுத்த வெள்ளியும் பால் பொங்கியது, பிரின்டர் மூச்சு விடவில்லை, திரையில் அதே கேள்வி.

அவனுக்கு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தண்ணீரில் ஏதாவது மாறினால் ஏன் மாறியது என்று தெரிகிறவரை விடமாட்டான். வீட்டில் அந்தப் புத்தி பல மாதமாகச் செத்துக் கிடந்தது. இப்போது லேசாகக் கண்ணைத் திறந்தது.

உண்மையில் அவனுக்குள் வேறொரு கேள்வி ஏற்கெனவே கிடந்தது. ஆஸ்பத்திரியில், கடைசி நாள் காலையில், மனைவி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காய்ச்சலில் உளறுகிறார், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் ஆறுதலாகச் சொன்னார். உளறல் என்றால், அந்தப் பார்வைக்கும் அர்த்தமில்லை. அவள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள், கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தே இருக்காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமியார் போன் செய்து சாப்பாடு, தண்ணீர், வேலை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பார், கடைசியா ஏதாவது சொன்னாளா என்று. ஒன்றும் சொல்லவில்லை அத்தை என்பான். பெற்றவளிடம் உளறலை எப்படிக் கொடுப்பது?

மச்சானுக்குப் போன் போட்டான். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். எதைச் சொன்னாலும் அணைத்துப் போடச் சொல்வான் என்பதால் குடும்பத்தில் அவன் பெயரே ரீஸ்டார்ட். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது என்று அக்காக்காரி கிண்டல் செய்வாள்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா மாமா?"

"நீ நேர்ல வந்து பண்ணு."

சனிக்கிழமை வந்தான். வந்ததும் பண்ணினான். ஒன்றும் நடக்கவில்லை. பிரின்டரின் மென்பொருளைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடலாம், கேபிளை மாற்றலாம், பழைய பதிப்புக்கே திருப்பிவிடலாம் என்று கை பரபரத்தது.

"ஒரு நேரத்துல ஒண்ணைத் தொடு. எல்லாத்தையும் கலைச்சா எது தப்புன்னு எப்படித் தெரியும்?"

"தண்ணி டெஸ்ட்டா மாமா இது?"

ஆனாலும் அடங்கி உட்கார்ந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பிரின்டர் நல்லபடியாக இருந்தது. கம்ப்யூட்டருக்கும் அதைத் தெரிந்திருந்தது. ஆனால் அப்டேட் வந்த கையோடு, அச்சடி என்றால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதை மாற்றி வைத்திருந்தது. உண்மையான பிரின்டருக்குப் பதிலாக, காகிதமே இல்லாமல் கோப்பாகச் சேமிக்கும் வெற்றுப் பிரின்டருக்கு. அதனால்தான் பெயர் கேட்டு நின்றிருக்கிறது.

"சரி, அச்சடின்னு அதுக்கு யார் சொன்னது?" என்றான் அவன்.

மச்சான் தலையைச் சொறிந்தான். கம்ப்யூட்டர் தனக்கென்று வைத்திருக்கும் வேலைகளின் வரிசையைத் திறந்து கீழே உருட்டிக்கொண்டே போனான். எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். நடுவில் ஒன்று மட்டும் தமிழில் இருந்தது: வாய் கொப்பளி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மச்சான் சிரித்துவிட்டான்.

"அக்கா வேலை மாமா. பிரின்டரைச் சும்மா விட்டா மை காஞ்சு அடைச்சுக்கும். வாரம் ஒரு தடவை எல்லாக் கலர்லயும் கொஞ்சம் துப்பணும். மறந்துருவோம்னு இதுகிட்டயே சொல்லி வெச்சுட்டா. வெள்ளிக்கிழமை காலையில தானா முழிக்கும், அடிக்கும், தூங்கும்."

"நான் பிரின்டரோட குணம்னு நெனச்சேன்."

"குணம் அக்காவோடது."

உண்மையான பிரின்டருக்கே திருப்பிவிட்டு அந்த வேலையை ஓட்டினான். பிரின்டர் கனைத்தது. தாள் வந்து பெட்டிக்குள் வழுக்கியது. கனைப்பைக் கேட்டதும் அவனுக்கு உடம்பில் எதுவோ இடத்துக்கு வந்தது. வேலை முடிந்தது என்று மச்சான் கையைத் தட்டிக்கொண்டான். வந்ததே வந்தோம், மகளுக்கு அத்தை வரைந்த படம் ஒன்று கொண்டுபோகலாம் என்று கிளி அட்டையைத் தேடி அச்சடித்தான். பெட்டிக்குள் விழுவதற்குள் கையில் பிடித்துக்கொண்டான்.

"மாமா, கிளி ஏன் நீலமா இருக்கு?"

வாங்கிப் பார்த்தான். கிளி நீலம். இலையும் நீலம். திரையில் இரண்டும் பச்சைப் பசேலென்று இருந்தன.

மேசைக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தரையில் கவிழ்த்தான். இத்தனை மாதத்து வெள்ளிக்கிழமைகளும் கொட்டின. எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி கோடுகள்: கறுப்பு, நீலம், இளஞ்சிவப்பு. இன்றைய தாளில் நாலாவது இடம் காலி. பழைய தாளிலும் முதலில் காலியாகத்தான் தெரிந்தது. மச்சான் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். மெலிசாக ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

"ரெண்டு வாரம் விட்டோம்ல, அடைச்சுக்கிச்சு. மஞ்சள் இல்லைன்னா பச்சை எப்படி வரும்?" என்றான் மச்சான். "இதுல முதல்ல சண்டித்தனம் பண்றது எப்பவும் மஞ்சள்தான். அக்கா கடைக்குப் போன் போட்டு அதைத்தான் திட்டிக்கிட்டே இருப்பா. வெள்ளைத் தாள்ல கண்ணுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமையானா முதல் வேலை, தாளைத் தூக்கிக்கிட்டு ஜன்னலுக்கு ஓடுறதுதான்."

அவன் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியின் கடைசி நாளும் வெள்ளிக்கிழமைதான். காலைதான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தது. அது என்ன கிழமை என்று அன்றைக்கு அவனுக்கே நினைவில்லை. அவளுக்கு இருந்திருக்கிறது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லடா. அடைப்பை எடு."

சுத்தம் செய்ய விட்டார்கள். முதல் தடவை ஒன்றும் இல்லை. அடுத்த தடவையும் இல்லை. மூன்றாவது தாளை அவனே ஜன்னலுக்குக் கொண்டுபோனான். நாலாவது இடத்தில் விட்டு விட்டு, ஆனால் இருந்தது. மச்சான் பச்சைக் கிளியோடு வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அவனே மாமியாருக்குப் போன் செய்தான். என்ன ஆச்சு மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்கதானே என்று பதறினார். நல்லா இருக்கேன் என்றான். பிறகு அப்டேட், பிரின்டர், நாலு கோடு, நீலக் கிளி என்று ஆதியோடந்தமாகச் சொன்னான். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் காத தூரம். இருந்தும் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் வாய் கொப்பளி என்று பெயர் வைத்திருந்த இடத்தில் சிரித்தார்.

"சின்ன வயசுலயே அப்படித்தான். எல்லாத்துக்கும் ஒரு பேரு வெப்பா."

"அத்தை, அன்னைக்கு அவ ஒண்ணுமே சொல்லலைன்னு சொன்னேன்ல. சொன்னா. காய்ச்சல்ல உளறுறான்னு நர்ஸ் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். உளறல் இல்ல அத்தை. நல்லா நினைவாத்தான் இருந்தா. என்னைப் பார்த்துத்தான் சொன்னா."

மாமியார் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"என்ன சொன்னா மாப்பிள்ளை?"

"மஞ்சள் வந்துச்சான்னு பாரு."