டிக்கியில மாறுன தலை

முதல் வெட்டு முன்கண்ணாடியில விழுந்துச்சு. கண்ணாடி கொட்டல, பூரா விரிசல் விட்டுப் பொரிஞ்சு நின்னுச்சு. அதுக்கு அந்தப் பக்கம் உக்கிரபாண்டி வேட்டியை மடிச்சுக் கட்டி, வீச்சருவாளும் கையுமா நிக்கிறாரு. இந்தப் பக்கம் டிரைவர் சீட்டுல காளிதாஸ், பக்கத்துச் சீட்டுல அவன் பொண்டாட்டி முருகலட்சுமி. நல்ல உச்சி வெயில். இடம் தனுஷ்கோடி அரிச்சல்முனை. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ஒத்த ரோடு. முன்னாடி டூரிஸ்ட் வேன், பின்னாடி பஸ்ஸு. தப்பிச்சு ஓடணும்னா மீனாப் பொறந்திருக்கணும்.

"எறங்குலே! பொண்டாட்டி சேலைக்குள்ள எம்புட்டு நேரம்லே ஒளிஞ்சிருப்ப?"

வெட்ட வந்தவரு யாரோ எவரோ இல்லீங்க. காளிதாஸோட அய்யாவுக்கு மூத்த பங்காளி, அவனுக்குப் பெரியய்யா முறை. காளிதாஸ் கல்யாணத்துக்குத் தாம்பூலம் மாத்துன கை அது. எதுக்கு வெட்ட வந்தாருன்னு கேட்டா, ஒரு ஆட்டுத் தலைக்கு. சிரிக்காதீங்க. எங்க பக்கத்துல அது சிரிச்சுப் பேசுற சமாச்சாரம் இல்ல.

காளிதாஸுக்கு ராமநாதபுரத்துல டூரிஸ்ட் வண்டி ஓட்டுற பொழப்பு. பழைய டவேரா ஒண்ணு. வண்டி அவன் பேருல இருந்தாலும் வண்டிக்குள்ள நடக்குற ராச்சியம் முருகலட்சுமியோடது. அவளுக்கு ஒரு சாமான் அதது இடத்துல இருக்கணும், இல்லாட்டி சோறு எறங்காது. ராமேஸ்வரம் வர்ற சனம் இருபத்திரெண்டு தீர்த்தத்துலயும் முங்கிட்டுச் சொட்டச் சொட்ட வந்து சீட்டுல உக்காரும்ல, அதுக்கு ரெக்சின் விரிப்பு. ஈரத்துணி போட மூடி போட்ட வாளி. முன்சீட்டு முதுகுல அவளே தச்சு மாட்டுன துணிப்பை, அதுல அறை அறையாத் துண்டு, சீப்பு, தைலம், இஞ்சி மிட்டாய், வாந்தி கவர். கதவு இடுக்குல தண்ணி பாட்டில். அவ சீட்டுக்கு அடியில ஜாக்கி, சக்கரம் கழட்டுற இரும்பு வீல் பானா, பஞ்சு, கட்டுத்துணி. கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டதை எடுத்துக் கொடுப்பா. ஸ்டாண்டுல மத்த டிரைவருங்க கிண்டல் பண்ணுவாங்க. "ஏம்ப்பா காளிதாஸு, வண்டிக்குள்ள அம்மி எந்தப் பக்கம் இருக்கு?" காளிதாஸ் சிரிச்சுக்கிருவான். அவனுக்கு உள்ளுக்குள்ள பெருமைதான்.

அந்தச் சுத்தம்தான் வினையா வந்துச்சு.

பரமக்குடிக்குத் தெற்க உள்ளடங்குன ஊரு அவங்களோடது. அங்கன கருப்பணசாமிக்கு மாசியில கும்பிடு. ஆம்பளைங்க மட்டும் போற கோயில். பொம்பளைங்க எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் காலு வைக்கக் கூடாது. முதல்ல விழுற கறுப்புக் கிடா சாமி கிடா, அதோட தலை மூத்த வகையறாவுக்குப் போகணும். அதாவது உக்கிரபாண்டி வீட்டுக்கு. ரெண்டாவதா விழுற செவலைக் கிடாத் தலை மாமன் மச்சான் வகையறாவுக்கு. அதுக்கு மூத்தவரு கூத்தையா. கூத்தையா வேற யாருமில்ல, முருகலட்சுமியப் பெத்த அப்பன். தலையைச் சாக்குல கட்டிட்டா வீடு போயிச் சேர்ற வரைக்கும் பிரிச்சுப் பாக்கக் கூடாது. ஆக்கி எறக்குற வரைக்கும் பொம்பளை கை படவும் கூடாது. மயிரு பொசுக்குறதுல இருந்து மசாலா அரைக்கிறது வரைக்கும் அன்னைக்கு மீசைக்காரங்கதான்.

முன்னெல்லாம் தலையைத் தோள்ல தூக்கிட்டுப் போவாங்க. இந்த வருசம் காளிதாஸ் வண்டி இருக்கேன்னு டிக்கியில ஏத்திட்டாங்க. வலது பக்கம் பெரியய்யா சாக்கு, இடது பக்கம் மாமனாரு சாக்கு. வண்டியில தனியா வந்த காளிதாஸ், போற வழியில தண்ணி குடிக்க அவன் வீட்டு வாசல்ல வண்டியை நிப்பாட்டுனான். நிப்பாட்டிட்டு உள்ள போனவன், வெள்ளைச் சட்டையில ரத்தம் பட்டுருச்சேன்னு மாத்திக்கிட்டு வரக் கொஞ்சம் நேரமாக்கிட்டான்.

முருகலட்சுமி வண்டியப் பாத்தா. டிக்கிக் கதவு இடுக்கு வழியா ரத்தம் சொட்டுது. அடியாத்தி, விரிப்பு போச்சு, நாளைக்குச் சவாரிக்கு வர்றவுக மூக்கைப் பொத்துவாகளேன்னு பதறிப் போனா. கதவைத் தூக்குனா. ரெண்டு சாக்கையும் எடுத்து மூடி போட்ட வாளி ரெண்டுல போட்டா. வலது பக்கத்துச் சாக்கு இருந்த கனத்த வாளி சாயுதுன்னு அதை இடது மூலையில முட்டுக் கொடுத்து வச்சா, இன்னொண்ண வலது பக்கம் நகட்டுனா. விரிப்பைத் தொடச்சு விட்டா. உள்ள இருக்குறது கறித் துண்டுன்னுதான் நினைச்சா. தலைன்னு யாரு சொன்னா அவகிட்ட? வலது இடதுக்கு அர்த்தம் இருக்குன்னு யாரு சொன்னா?

காளிதாஸ் திரும்பி வந்து பாத்துட்டு, "ஒழுகாமப் பண்ணிட்டியே, கெட்டிக்காரி. நீ தொட்டதை மட்டும் வெளிய சொல்லிராத"ன்னு கன்னத்தைத் தட்டிட்டுப் போனான். வலது பக்கத்து வாளி பெரியய்யா வீட்டுக்குப் போச்சு. இடது பக்கத்து வாளி மாமனாரு வீட்டுக்குப் போச்சு.

உக்கிரபாண்டி வீட்டுல ஊரே கூடியிருக்க வாளியைத் தொறந்தா, செவலைத் தலை முழிச்சுப் பாக்குது. கறுப்புத் தலை அதுக்குள்ள கூத்தையா வீட்டு அண்டாவுல கொதிச்சுக்கிட்டு இருக்கு. அந்தக் கிழவனாச்சும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தானா? "சாமியே இந்த வருசம் எங்க வாசலைத் தேடி வந்துருச்சப்பா"ன்னு டீக்கடையில பேசிப்புட்டான். பத்திக்கிச்சு.

மாமனாருக்கு மரியாதை வாங்கிக் கொடுக்கத் தலையை மாத்துனான்னு காளிதாஸ் மேல பழி விழுந்துச்சு. கோயில் வாசல்ல பெரியய்யா கால்ல விழுந்தான். "நாந்தேன் பெரியய்யா, கவனமில்லாம மாத்தி வச்சுட்டேன்"னான். விழுந்தவன் நெஞ்சுல மிதிச்சாரு உக்கிரபாண்டி. அன்னைக்கு ராத்திரி முருகலட்சுமி அழுதுகிட்டே கேட்டா.

"நான் போயிச் சொல்லிட்டு வாரேன். விரிப்பு பாழாப் போகுதேன்னு நாந்தேன் எடுத்து வச்சேன்னு சொல்றேன். என்னை என்ன செஞ்சிருவாக?"

"கிறுக்கச்சி. பொம்பளை தொட்டுச்சுன்னா தலைமுறைக்கும் தீட்டும்பாய்ங்க. அதுவும் கூத்தையா மக தொட்டான்னா, அப்பனும் மகளும் திட்டம் போட்டுச் செஞ்சதும்பாய்ங்க. ஒன்னையும் விடமாட்டாய்ங்க, ஒங்கப்பனையும் விடமாட்டாய்ங்க. என்னோட போகட்டும். கொஞ்ச நாள்ல ஆறிரும்."

ஆறல. புருசனைத் தனியா அனுப்ப அவளுக்கு மனசு வரல. பொம்பளை பக்கத்துல இருந்தா வெட்ட மாட்டாங்கங்கிறது எங்க சீமையில ஒரு நம்பிக்கை. அதை நம்பித்தான் எல்லாச் சவாரிக்கும் முன்சீட்டுல ஏறி உக்காந்தா. அன்னைக்கு நாக்பூர்க்காரக் குடும்பம் ஒண்ணை அரிச்சல்முனைக்குக் கூட்டிட்டு வந்து, அவங்க கடலைப் பாக்கப் போயிருந்த நேரம். உக்கிரபாண்டியும் அவரு மகன் யோகேஸ்வரனும் பைக்குல வந்து எறங்கிட்டாங்க.

ரெண்டாவது வெட்டுல கண்ணாடி உள்ள கொட்டுச்சு. பரபரன்னு ரெண்டு பேரு மடியிலயும் துண்டு துண்டா. சங்கு, பாசி வித்துக்கிட்டு இருந்தவங்க கடையப் போட்டுட்டு ஓடுறாங்க. போனைத் தூக்கிப் படம் எடுத்தவன் ஒருத்தன், அருவா அவன் பக்கம் திரும்பவும் செருப்பை விட்டுட்டு ஓடுனான்.

"மாமா! நாந்தேன் மாமா மாத்தி வச்சேன்! அவரு இல்ல, நாந்தேன்! ரத்தம் ஒழுகுதேன்னு வாளியில எடுத்துப் போட்டேன் மாமா!"

தொண்டை கிழியக் கத்துனா முருகலட்சுமி.

"பொய்யி பெரியய்யா! என்னையக் காப்பாத்தப் பொய் சொல்றா!" இவன் அதுக்கு மேல கத்துறான்.

யோகேஸ்வரன் ஒரு கல்லைத் தூக்கிப் பக்கத்துக் கண்ணாடியில போட்டான். உள்ள கைய விட்டுக் கதவைத் தொறந்து, காளிதாஸ் தலைமுடியைக் கொத்தாப் பிடிச்சு இழுத்தான். அவனும் லேசுப்பட்டவன் இல்ல, வெளிய வந்த வேகத்துல யோகேஸ்வரன் மூக்குல தலையால ஒரு முட்டு. ரத்தம் குபுக்குன்னு வந்துச்சு. அந்த நேரத்துல உக்கிரபாண்டி வீசுனாரு. காளிதாஸ் கையத் தூக்கித் தடுத்தான். மணிக்கட்டுக்கு மேல எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. "ஆத்தா"ன்னு குனிஞ்சான். குனிஞ்சவன் தொடையில அடுத்த வெட்டு ஆழமா எறங்குச்சு.

முருகலட்சுமிக்குக் கண்ணுக்குள்ள கண்ணாடித் தூள். ஒண்ணும் தெரியல. தெரிய வேண்டிய அவசியமும் இல்ல, கை சீட்டுக்கு அடியில போச்சு, வீல் பானாவோட வெளிய வந்துச்சு. கதவைத் தள்ளிக்கிட்டு எறங்குனா. சத்தம் வந்த பக்கம் வீசுனா. உக்கிரபாண்டியோட வலது கை முழங்கைக்குக் கீழ நொறுங்குச்சு, அருவா ரோட்டுல விழுந்துச்சு. அவரு அலறுறதுக்குள்ள தோள்ல ஒண்ணு. விலாவுல ஒண்ணு. மாமனாரு முறையாவது மண்ணாங்கட்டியாவது! கீழ விழுந்த ஆளை இன்னும் அடிச்சா. யோகேஸ்வரன் கிட்ட வந்தான். அவனுக்கும் முட்டியில ஒண்ணு கொடுத்தா.

"அடிக்காதீக மதினி! மதினி, அங்கன பாருங்க! அண்ணனப் பாருங்க!"

பாத்தா. கண்ணை முந்தானையால தொடச்சதும் மங்கலாத் தெரிஞ்சுச்சு, காளிதாஸ் சக்கரத்துல சாஞ்சு உக்காந்திருக்கான். தொடையில இருந்து ரத்தம் விட்டு விட்டுப் பீச்சுது. மணலு குடிச்சுக்கிட்டே இருக்கு.

பானாவைத் தூக்கி எறிஞ்சா. "வண்டியை எடுலே"ன்னா. வெட்ட வந்தவன்கிட்டத்தான் சொன்னா. வேற யாரு இருக்கா அங்கன? அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. யோகேஸ்வரன் நின்னு முழிச்சான். வெட்டுறதுக்குன்னு அப்பனோட கிளம்பி வந்தவனுக்கு, வெட்டுனா இப்படி இருக்கும்னு தெரியாது போல. அவளோட சேந்து அண்ணனைத் தூக்கி நடுச்சீட்டுல கிடத்துனான். அப்பனை இழுத்து முன்சீட்டுல போட்டான். வேன்காரன் ஒதுங்கி வழி விட்டான்.

கண்ணாடி இல்லாத வண்டிக்குள்ள காத்தும் மணலும் மூஞ்சியில அடிக்குது. முருகலட்சுமி தொடைக்கு மேல துண்டைப் போட்டு முறுக்கிக் கட்டுனா. ரெண்டாவது துண்டு, மூணாவது துண்டு. பஞ்சு மொத்தத்தையும் வச்சு அமுக்குனா. முழங்காலைப் போட்டு அழுத்துனா. எல்லாச் சாமானும் அதது இடத்துல இருந்துச்சு, எல்லாம் கைக்கு வந்துச்சு. ரத்தம் மட்டும் நிக்கல.

"லட்சுமி."

"பேசாதீக. ஆசுபத்திரி வந்துருச்சு."

"குளுருது."

இங்கன வெயில் கொளுத்துது, இவனுக்குக் குளுருதாம். அவ அவன் மேல கவுந்து படுத்துக்கிட்டா. கோதண்டராமர் கோயில் விலக்கு வந்தப்ப அவளுக்குக் கீழ மூச்சு ஏறி எறங்குறது நின்னு போச்சு. அவ யாருகிட்டயும் சொல்லல. தொடையில இருந்த துண்டை இன்னும் இறுக்கிக் கட்டுனா.

முன்சீட்டுல இருந்து உக்கிரபாண்டி முனங்குனாரு. "தாயி. நெசமாவே நீதேன் மாத்தி வச்சியா?"

"ஆமா."

"ஒங்கப்பன் சொல்லியா?"

"விரிப்புல ரத்தம் ஒழுகுச்சு மாமா. கறை போகாதுன்னு எடுத்து வாளியில வச்சேன். உள்ள தலை இருக்குன்னே எனக்குத் தெரியாது."

யோகேஸ்வரன் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே வாய்விட்டு அழ ஆரம்பிச்சான்.

ராமேஸ்வரம் ஆசுபத்திரியில டாக்டரம்மா கண்ணு இமையை விரிச்சுப் பாத்துட்டுத் தலையை ஆட்டுனாங்க. ஸ்ட்ரெச்சரு உள்ள போச்சு. முருகலட்சுமி வெளிய தரையில உக்காந்தா. அழுகை வரல. பக்கத்துப் பெஞ்சுல உக்கிரபாண்டி, ஒடஞ்ச கைக்கு அட்டை வச்சுக் கட்டி, போலீஸ் வர்ற வரைக்கும் உக்கார வச்சிருந்தாங்க. யோகேஸ்வரன் சுவத்தோரம் தலையைக் கவுத்துக்கிட்டு இருந்தான்.

எஸ்.ஐ. வந்தாரு. வேற மாவட்டத்துக்காரரு, சின்ன வயசு. உக்கிரபாண்டியைப் பாத்து, "நீதான் வெட்டுனதா?"ன்னாரு.

"ஆமா சார். நாந்தேன்." மீசையை இடது கையால ஒதுக்கிவிட்டுக்கிட்டு, நிமுந்து உக்காந்துதான் சொன்னாரு.

"செத்தது யாரு?"

"தம்பி மகன்."

"என்ன தகராறு?"

உக்கிரபாண்டி எஸ்.ஐ.யப் பாத்தாரு, நர்ஸுங்களப் பாத்தாரு, கூடி நின்ன சனத்தப் பாத்தாரு. "வரப்புத் தகராறு சார்"னாரு. "ரொம்ப நாளா எடத் தகராறு."

முருகலட்சுமி எந்திரிச்சா. சேலை பூரா ரத்தம் காஞ்சு மொடமொடன்னு இருந்துச்சு. நேரா போயி உக்கிரபாண்டி சட்டையைப் பிடிச்சா. ஏட்டு தடுக்க வந்தாரு, எஸ்.ஐ. வேணாம்னு கையைக் காட்டுனாரு.

"என்ன தகராறுன்னு சொல்லுங்க மாமா."

"விடு தாயி."

"வரப்பு ஏது? எம்புருசனுக்கு ஒரு அடி நெலம் உண்டா? எதுக்கு வெட்டுனீகன்னு சார்கிட்டச் சொல்லுங்க. ஊரு பூரா சொல்லிட்டுத்தானே அருவாளைத் தூக்குனீக? இங்கனயும் சொல்லுங்க! எல்லாரும் கேக்கட்டும்!"

அவரு தலை குனிஞ்சு போச்சு. அவ விடல, சட்டையப் பிடிச்சு உலுக்குனா. ஒடஞ்ச கை வலிச்சிருக்கணும், ஆனா அவரு கத்தல.

"ஆட்டுத் தலை"ன்னாரு. வாய்க்குள்ளதான் சொன்னாரு.

எஸ்.ஐ.க்கு வெளங்கல. "என்னது? சத்தமாச் சொல்லுய்யா."

உக்கிரபாண்டி வாயைத் தொறந்தாரு. உதடு அசைஞ்சுச்சு, சத்தம் வரல. எஸ்.ஐ. காத்துக்கிட்டு நின்னாரு. முருகலட்சுமியும் சட்டையை விடாமக் காத்துக்கிட்டு நின்னா.