மூன்றாவது சிவப்பு வயர்

கோர்ட்டுக்கு என்று கிளம்பிய நான் கோர்ட் நிறுத்தத்தில் இறங்கவில்லை. பஸ் நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "கோர்ட்னுதானே டிக்கெட் கேட்டீங்க?" என்றார். "இல்ல, கடைசி ஸ்டாப்" என்றேன். வாய் கூசாமல் வந்தது. கடைசி நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில், அக்கா தேய்த்துக் கொடுத்த சட்டை கசங்கக் கசங்க, மத்தியானம் வரை போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிணை நின்றவர் அக்கா புருஷன். அந்த நேரத்தில் அவர் ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? வந்தது. வந்தும் உட்கார்ந்திருந்தேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். கதவு முழுசாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது, அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. பழுது பார்க்கும்போது அந்தப் பூட்டை ஏமாற்றி லிஃப்டை ஓட்டிப் பார்க்க, ஒரு சாண் சிவப்பு வயரைச் சொருகுவோம். என் சட்டைப் பையில் எப்போதும் மூன்று வயர்தான். போகும்போது மூன்று, வரும்போது மூன்று. எண்ணாமல் கட்டடத்தைவிட்டு வெளியே காலை வைக்கக் கூடாது. விபத்து நடந்த அன்றைக்கும் எண்ணினேன். இரண்டுதான் இருந்தது. வண்டியில் எங்காவது விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பெரிய கெட்டிக்காரன் இல்லையா! சாயந்தரம் நாலாவது மாடியில் கதவு திறந்தபடி கிடக்க, லிஃப்ட் கீழே போயிருக்கிறது. தண்ணீர் கேனைத் தோளில் வைத்திருந்த வாட்ச்மேன் உள்ளே லிஃப்ட் இருக்கிறது என்று காலை வைத்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

முதல் வாய்தாவில் கோர்ட் பெஞ்சில் இடமில்லை. ஒரு அம்மா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்க, எவ்ளோ நேரந்தான் நிப்பீங்க?" என்றாள். உட்கார்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டு நான் எழுந்தபோதுதான் அவளுக்கு நான் யார் என்று தெரிந்தது, அவள் வாட்ச்மேன் மனைவி என்று எனக்கும் தெரிந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திரும்பி வந்தபோது பை பழையபடி பெஞ்சில் இருந்தது.

இரண்டாவது வாய்தாவுக்கு முன்னால் வக்கீல் பாடம் எடுத்தார். "குத்தத்த ஒத்துக்கறியான்னு ஜட்ஜ் கேப்பார். 'இல்லீங்க ஐயா, வயர கழட்டிட்டுத்தான் வந்தேன்'னு சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்." வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. பஸ்ஸில் அந்தப் பை ஞாபகம் வந்ததும் அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. அதனால்தான் கடைசி நிறுத்தம்.

எனக்கு வாரண்ட் போட்டார்கள். மாமாவுக்கு நோட்டீஸ். மாமா பள்ளிக்கூட பஸ் டிரைவர். பிள்ளைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் போலீஸ்காரர் வந்து, எல்லார் எதிரிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். யாருக்குப் பிணை நின்றாரோ அந்த ஆளை ஒரு வாரத்துக்குள் கூட்டி வர வேண்டும் என்று உத்தரவு. "அங்கிள் திருடனா மிஸ்?" என்று ஒரு குழந்தை கேட்டதாம். கேஸ் முடிகிற வரைக்கும் என்று பள்ளியில் பஸ் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அக்கா என் அறைக் கதவை உதைக்காத குறை. "பதினெட்டு வருஷம்டா! ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் கிடையாது. அந்த மனுஷன் என்னடா பாவம் பண்ணாரு உனக்கு? நீ எங்கயாவது தொலைஞ்சு போ, போறதுக்கு முன்னாடி அவர் சாவிய வாங்கிக் குடுத்துட்டுப் போ."

மறுநாள் காலை மாமா ஸ்கூட்டரை எடுத்துவிட்டு, "ஏறு" என்றார். வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். சிக்னலில் நின்றபோது அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், சாவி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தது. பதினெட்டு வருஷப் பழக்கம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கோர்ட் வாசலில் வக்கீல் காதைக் கடித்தார். "காய்ச்சல்னு சொல்லு, வாரண்ட்ட எடுத்துருவாங்க, மாமாவுக்கும் தொல்லை விட்டுச்சு. வேற எதையாவது உளறுன, இன்னிக்கே உன்ன உள்ள தள்ளிருவாங்க. அவர் சாவிய மறந்துட வேண்டியதுதான்." மாமா கேட்டுக்கொண்டுதான் நின்றார். வேறெங்கோ பார்த்தார்.

உள்ளே வாட்ச்மேன் மனைவி முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் பை. பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினேன்.

"அன்னைக்கு ஏன் வரல?" என்றார் நீதிபதி.

"காய்ச்சல்ங்க ஐயா" என்று வக்கீல் முந்திக்கொண்டார்.

"அவர் சொல்லட்டும்."

மாமாவைப் பார்த்தேன். சாவியைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. சொல்லிவிடு, ஒரு வார்த்தைதானே என்று உள்ளே ஒருவன் கெஞ்சினான். சட்டைப் பையில் கை விட்டேன்.

"காய்ச்சல் இல்லீங்க ஐயா."

இரண்டு சிவப்பு வயரையும் எடுத்துக் கூண்டுக் கட்டையின்மேல் வைத்தேன். ஒன்று உருண்டு கீழே விழப் பார்த்தது, பிடித்து வைத்தேன்.

"மூணு இருக்கணுங்க."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் பையை எடுத்து மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் மாமா மெதுவாக எழுந்து நின்றார். அவர் கை சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுவிட்டது.