துடைப்ப நோய்

டெல்பர்ட் வாழ்நாளெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எந்தப் பிள்ளை எந்தத் திருப்பத்தில் வாந்தி எடுக்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ரோஜாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் பயனில்லை. அதெல்லாம் மனைவி நெல்டாவின் இலாகா. அவள் இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, நடக்கப் பழக்குகிற விடுதிக்குப் போன பிறகுதான் தோட்டம் இவர் தலையில் விழுந்தது.

தினமும் காலையில் போனில் உத்தரவு வரும்.

"தண்ணிய வேர்லதானே ஊத்தின? இலைய நனைச்சா கரும்புள்ளி வரும்."

"வேர்லதான்."

"உதிர்ந்த இலையெல்லாம் பொறுக்கினியா? கீழ கிடந்தா அடுத்த மழைக்கு நோய் மறுபடி மேல ஏறிக்கும்."

"பொறுக்கிட்டேம்மா. வீட்டுக்குள்ளகூட நான் இவ்வளவு பெருக்கினதில்ல."

"அது எனக்குத் தெரியாதா?"

கடைசியில் எப்போதும் அதே கேள்விதான் வரும். "அவ எப்படி இருக்கா?"

'அவ' என்பது வேலியோரத்துச் செடி. நெல்டாவே இரண்டு ரோஜாக்களின் மகரந்தத்தைக் கலந்து, காய் பழுக்கக் காத்திருந்து, விதை போட்டு, முளைத்ததில் எல்லாம் செத்து ஒன்றே ஒன்று பிழைத்து வந்த செடி. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் நிறத்தில் பூக்கும். அப்படி ஒரு ரோஜா உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. ஜூன் மாதக் கண்காட்சியில் அதை வைத்து ஊர் வாயைப் பிளக்க வைக்கவேண்டும் என்பது நெல்டாவின் ஆசை. கிளை வெட்டி இன்னொன்று வளர்த்து வைக்கலாம் என்று நினைத்திருந்த வாரத்தில்தான் படியில் சறுக்கி விழுந்தாள்.

ஏப்ரலில் அந்தச் செடியின் கொழுந்தில் அசுவினிப் பூச்சி மொய்த்தது. நெல்டா சொன்னபடி டெல்பர்ட் சோப்புத் தண்ணீர் அடித்தார். பூச்சி ஒழிந்தது. தன்னை நினைத்துத் தானே பெருமைப்பட்டுக்கொண்டார். சில நாட்கள் கழித்துப் பார்த்தால் புதுத் தளிரெல்லாம் ஒடுங்கி, முறுக்கிக்கொண்டு, துடைப்பம் போலக் கொத்துக் கொத்தாக நின்றது.

பக்கத்து வீட்டு ஓலீட்டா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அவள் ரோஜாக் கண்காட்சியில் நடுவராக உட்காருகிறவள். பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"துடைப்ப நோய், டெல்பர்ட்."

அந்த ஊரில் ரோஜா வளர்ப்பவர்கள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவே பயப்படுவார்கள். ஓலீட்டா ஒரு வருடம் தன் தோட்டத்து வேலியோர வரிசை முழுவதையும் அந்த நோய்க்குப் பறிகொடுத்தவள்.

"மருந்து ஏதாவது…"

"மருந்தே கிடையாது. வேரோட தோண்டி, பையில கட்டி, குப்பையில போடணும். ஓக்லஹோமா காத்து சும்மா இருக்குமா? கண்ணுக்குத் தெரியாத பேன் ஒண்ணு இதுலேர்ந்து பறந்து வந்து என் செடியில உக்காந்தா நான் என்ன பண்ணுவேன்? மன்னிச்சுக்கப்பா. நாளைக்குக் காலையில எடுத்துடணும்."

"நெல்டாகிட்ட யாரு சொல்றது?"

"எடுத்துட்டுச் சொல்லு. சொல்லிட்டு எடுக்கப் போனா, நடக்கப் பழகுற வண்டியத் தள்ளிக்கிட்டே வந்து குறுக்க நிப்பா."

அன்று நெல்டா கேட்டபோது, "நல்லா இருக்கா" என்றார் டெல்பர்ட். சொல்லிவிட்டு அவசரமாகப் போனை வைத்தார்.

மறுநாள் மண்வெட்டியோடு போனார். ஒரு பக்கம் மண்ணைக் கிளறியதும் கை நின்றுவிட்டது. நடக்கக்கூட முடியாமல் கிடப்பவள் தன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது இந்த ஒன்றைத்தான். அதையும் காப்பாற்ற வக்கில்லாமல் போனதே என்று உடைந்துபோனார்.

ஓலீட்டா கறுப்புப் பைகளோடு வந்தாள். இன்னொரு கையில், சாவு விழுந்த வீட்டுக்குக் கொண்டுபோவது போலவே, உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்த தட்டு. அதை இறக்கி வைக்க இடம் தேடியவள் தக்காளித் தொட்டியின் பக்கத்தில் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"இதுக்கு என்ன ஆச்சு?"

தக்காளி இலைகளும் முறுக்கிக்கொண்டு, வெந்தயக் கீரைக் காம்பு போல ஒடுங்கியிருந்தன.

"அதுலயும் பூச்சி இருந்துச்சு. மிச்ச சோப்புத் தண்ணிய அதுக்கு அடிச்சேன்."

"துடைப்ப நோய் ரோஜாவுக்குத்தான் வரும். தக்காளிக்கு வராது." ஓலீட்டா செடியருகே வந்து தண்டைத் தடவிப் பார்த்தாள். "அந்த நோய்னா முள்ளு மெத்துமெத்துன்னு நெருக்கமா மண்டியிருக்கும். இது எப்பவும்போலத்தான் இருக்கு. நேத்து கிட்ட வந்து பாக்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன் பாரு, என் பயம் அப்படி. சோப்புத் தண்ணிய எதுல அடிச்ச?"

"கொட்டகையில இருக்கிற, மருந்தடிக்கிற பம்ப்புல."

"புல்தரைக்குக் களைக்கொல்லி அடிப்பியே, அதுலயா?"

டெல்பர்ட் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கழுவினியா?"

"அலசினேன். ஒரு தடவை."

"காபிக் கோப்பையா அது, ஒரு தடவை அலச? களைக்கொல்லி அடிச்ச பம்ப்ப ரோஜா பக்கமே கொண்டு வரக்கூடாது. பூ வளர்க்கிற எல்லாரும் ரெண்டு பம்ப் வெச்சிருப்போம்."

"அப்போ நோய் இல்லியா?"

"நோய் இல்ல. நீதான்."

டெல்பர்ட் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். குற்றவாளி என்று பெயர் வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர் அந்த ஊரில் இருந்திருக்க மாட்டார். ஓலீட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, தாயே" என்றார். கண்ணீர் மூக்கோரமாக வழிந்து இறங்கியது.

"நானும்தான் கும்பிடணும். என் வாயாலயே ஒரு உசிரத் தோண்டி எறிய வெச்சிருப்பேன்," என்றாள் ஓலீட்டா.

கிளறிய மண்ணைத் திரும்பத் தள்ளி மிதித்தார்கள். வேரில் நன்றாகத் தண்ணீர் விட்டார்கள். ரொம்பவும் முறுக்கிய நுனிகளை மட்டும் ஓலீட்டா நறுக்கினாள். உரம் போடாதே, அவசரப்படாதே, நல்ல தளிர் தானாக வரும், ஆனால் ஜூனுக்குள் பூக்காது என்றாள். பிறகு சாவு வீட்டுத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள்.

போன் அடித்தது. டெல்பர்ட் இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. பம்ப், நேற்றைய பொய், மண்வெட்டி, எல்லாவற்றையும் கொட்டினார்.

"அவ இருக்காளா?"

"இருக்கா. ஜூன்ல பூக்க மாட்டா, நெல்டா. என்னாலதான்."

அவள் அழுவது கேட்டது. மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"துடைப்ப நோயா இருந்திருந்தா என்னால ஒண்ணுமே பண்ணியிருக்க முடியாது, டெல். நீன்னா பரவாயில்ல. உன்னைச் சமாளிச்சு எனக்குப் பழக்கம்."

"சரிம்மா."

"போய் அந்த பம்ப்பக் குப்பையில போடு, மடையா."

டெல்பர்ட் தலையாட்டினார். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது நினைவுக்கு வந்த பிறகும் நன்றியோடு ஆட்டிக்கொண்டே இருந்தார்.