நானூற்றுப் பத்துக் கெட்டு

மார்த்தாண்டத்துக்கு மேற்கே ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் யேசுரத்தினம், சபைக் கமிட்டி உறுப்பினர் என்பதைக் கடைப் பலகையிலும் எழுதி வைத்திருப்பவர். போன செவ்வாய்க்கிழமை, அவர் கிடங்கில் குட்கா இருப்பதாக யாரோ சொல்லி போலீஸ் வந்து குடைந்தது. அகப்பட்டது பல்லி முட்டை. அதோடு அவர் விட்டிருக்கலாம்.

"சும்மா போவப்பிடாது சாரே. எனக்க மானம் என்னாச்சு? ஒவ்வொரு கெட்டா எண்ணி, குட்கா இல்லன்னு எழுதித் தாரும்!"

எண்ணினார்கள். கட்டிவைத்த ஷீட் நானூற்றுப் பத்துக் கெட்டு, குட்கா இல்லை. போலீஸ் எழுதிய தாளின் மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, யேசுரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்தத் தாளின் நகல் வணிக வரித்துறைக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஜீப்பும் லாரியும் வந்தன. கடைக் கணக்கில் இருந்தது தொண்ணூறு கெட்டுதான்.

மிச்சம் ஊர்க்காரர்களுடையது. ஷீட்டைக் கடையில் போட்டுவைத்து, விலை ஏறும் நாளில் வந்து விற்பது இங்கே வழக்கம். பில் கிடையாது, துண்டுச் சீட்டு மட்டும்.

மகள் ஜெனிலாவின் நர்சிங் படிப்புக்காக ஆறு கெட்டு போட்டிருந்த பூங்கனி, ஜீப் வந்ததைக் கேட்டு ஓடிவந்தாள். சீட்டு உள்ளங்கையில் நனைந்திருந்தது.

"மிச்ச சரக்கு யாரோடது?" அதிகாரி யேசுரத்தினத்தைக் கேட்டார். "வேற ஆளுங்கன்னா பேரைச் சொல்லுங்க. அவங்களுக்கும் சம்மன் அனுப்புவோம்."

சம்மன் என்றதும் பூங்கனியின் கை முந்தானைக்குள் போனது. அதிகாரி திரும்பினார்.

"நீங்க யாரும்மா? இங்க சரக்கு குடுத்திருக்கீங்களா?"

"இல்ல சாரே. தீப்பெட்டி வாங்க வந்தேன்."

"இது ரப்பர் கடை."

"ஆமா சாரே. அதான் இல்லன்னு சொல்லிட்டாவ."

யேசுரத்தினம் குறுக்கே வந்தார். "எல்லாம் எனக்கதுதான் சாரே."

தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அறுபது வீட்டுக்குச் சம்மன் போனால் அவரால் ஞாயிற்றுக்கிழமை கோயில் படி ஏற முடியாது, அந்த பயம். பில் இல்லாத முந்நூற்று இருபது கெட்டும் பறிமுதல் என்று எழுதிக்கொண்டார்கள். சுமை ஏறத் தொடங்கியது. நீலக் கயிறு கட்டிய தன் கெட்டுகள் ஒவ்வொன்றாக லாரிக்குள் மறைவதை, பூங்கனி யாருடைய சரக்கையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல அவர் பக்கம் நகர்ந்தாள்.

"அண்ணாச்சி, திங்கக்கெழம பிள்ளைக்கி பீசு கெட்டணும்."

"பேசாத போ, ஏட்டி. ஆபீசரு பாக்கியான்."

ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் மனிதர் அவர். இப்போது உதடு மட்டுமே அசைந்தது.