பேர் மாறிய வண்டி

தமிழ்வாணன் வீட்டில் கேட்டது "ஒரு கார்" என்றுதான். புதுசு என்றும் சொல்லவில்லை, பழசு என்றும் சொல்லவில்லை. மண்ணாங்கட்டி என்கிற கல்யாணத் தரகர் காபி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வரதட்சணை கேட்பதே தப்பு என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் தெரியும். முப்பத்தொரு வயதில், ஒருமுறை தாலி கட்டிக் கழற்றியவளாக என் இடத்தில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள்.

என் பெயர் மஞ்சுளா. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் செக்கிங். டியூப் லைட் வரிசையாக எரிகிற கூண்டுக்குள் கார் வரும். கையுறை போட்ட விரலால் தடவிப் பார்த்து, தூசியோ கீறலோ இருந்தால் குறி போட்டு அனுப்ப வேண்டும். புதுக் காரை நான் தொட்ட அளவுக்கு அதை வாங்கியவன்கூடத் தொட்டிருக்க மாட்டான். என் முதல் கல்யாணம் இருபது நாள் இருந்தது. அவனுக்கு ஓசூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம். அந்த இருபது நாளை ரத்து செய்ய கோர்ட்டுக்கு நாலு வருஷம் பிடித்தது. பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்த இருபது நாளைப் பற்றித்தான் கேட்டார்கள். சிலர் நேராக, சிலர் சுற்றி வளைத்து.

தமிழ்வாணன் மட்டும், "நைட் ஷிஃப்ட்ல சாப்பாடு ஒழுங்கா போடறாங்களா?" என்று கேட்டார். படப்பையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அவருக்கு இது முதல் கல்யாணம். சாம்பார் தண்ணியா இருக்கும் என்றேன். சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்துவிட்டது.

என் அப்பா தசரதன் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. முதலில் ஷோரூமுக்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். விலையைச் சொன்னதும் தெரிந்த மாதிரி தலையாட்டினார். அதற்கு மேல் ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் என்று அங்கிருந்த பெண் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க, தலையாட்டல் நின்றுபோனது.

"ரோட்ல ஓட்டறதுக்குத் தனியா காசா? பின்ன வூட்டுக்குள்ளயா ஓட்டுவாங்க?" என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கொடுத்த ஜூஸைக் குடித்துவிட்டு வெளியே வந்தோம். "இதுல பாதி விலைக்கு நல்ல பழைய வண்டி கெடைக்கும். ரெண்டும் ஒரே ரோட்லதானம்மா ஓடும்?" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

படப்பை போகிற வழியில் பழைய கார் விற்கிற மாரிமுத்துவிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. ஐந்து வருஷ வண்டி, ஒரே ஓனர். கூண்டில் செய்கிற மாதிரியே சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தேன். ஒரு கதவில்கூட மறுபடி பெயின்ட் அடித்த அடையாளம் இல்லை. அப்பா தன் பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்தார். பெண்ணுக்குக் கொடுக்கிற வண்டி பெண் பேரில்தான் இருக்கணும் என்று ஆர்.சி. புத்தகத்தை என் பேருக்கு மாற்றினார். எங்கள் வீட்டில் யாருக்கும் ஓட்டத் தெரியாது. மாரிமுத்துவின் ஆள் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். அம்மா தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது அதன் மேலும் ஈரத்துணி போட்டுத் துடைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா காந்திமதி வண்டியைப் பார்க்க வந்தார். ஒரு சுற்று சுற்றினார். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் நின்றார்.

"இது ஏற்கெனவே ஒருத்தர் வெச்சிருந்த வண்டியா?"

"ஒரே ஓனர்மா. பொத்திப் பொத்தி வெச்சிகினு இருந்தாரு. புதுசு மாதிரியே கீது பாருங்க," என்றார் அப்பா.

"மாதிரிதானே." காந்திமதி குரலை உயர்த்தவில்லை. "தப்பா நெனைச்சிக்காதீங்க. பொண்ணு விஷயத்துல நாங்க ஒண்ணுமே பேசல. வண்டியாவது புதுசா இருக்க வேணாமா?"

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா பானெட் மேல் கை வைத்தபடி சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தமிழ்வாணன் கிடையாது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது தமிழ்வாணன் நின்றிருந்தார்.

"எனக்கு எந்த வண்டியும் வேணாம், மஞ்சுளா. கடைக்கு என் ஸ்கூட்டரே போதும்."

"அத உங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

"சொல்லலாம். ஆனா சொந்தக்காரங்க அவங்களத்தானே கேப்பாங்க, இந்தப் பொண்ணு ஏன்னு? காட்டறதுக்கு அவங்களுக்கும் எதுனா ஒண்ணு வேணுமில்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஃபியூஸ் ஏன் போச்சு என்று கடைக்கு வந்தவருக்கு விளக்குகிற மாதிரி, அவ்வளவு பொறுமையாகச் சொன்னார். வழியும் அவரே வைத்திருந்தார். பழைய வண்டியை விற்று முன்பணம் கட்டலாம். மீதிக்கு அவர் பேரில் லோன். மாதத் தவணை என் சம்பளத்தில், ஏழு வருஷம். "உங்க அப்பா குடுத்ததாவே சொல்லிக்கலாம்," என்றார்.

சரி என்றேன். என்னைத் திட்டாதீர்கள். இவரை விட்டால் அடுத்து வருகிறவன் மறுபடியும் அந்த இருபது நாளில் இருந்துதான் ஆரம்பிப்பான்.

வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அப்பாவும் நானும் மாரிமுத்துவிடம் போனோம். அவன் சொன்ன விலையைக் கேட்டு அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாப்பா இது? நீ வித்த வண்டிய நீயே அடிமாட்டு வெலைக்குக் கேக்கற? ஒரு நாள்கூட ஓட்டலியே! வாசல்லயேதான நின்னுகினு இருந்துச்சு!"

"ஓட்டலன்னா இன்னா சார்? பேரு மாறிடுச்சே. அன்னிக்கு ஒரே ஓனர்னு சொல்லி வித்தேன். இனிமே அப்படிச் சொல்ல முடியுமா? வர்றவன் மொதல்ல அதத்தான் கேப்பான்."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அதற்கு மேல் பேரம் பேசவில்லை. மாரிமுத்து கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாம்மா, ஷோரூம் மூடிடப் போறாங்க," என்றார்.