தம்பி ஓட்டிய லாரி

அக்கா கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளிடம் படித்து, தேர்வில் நான்கு தடவை தோற்ற ஒரே ஆள் அவளுடைய சொந்தத் தம்பி. மூன்றாம் தடவை தேர்வு அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தபால் பெட்டியில் மோதினான். ஐந்தாம் தடவை எப்படியோ தேறி, மறுமாதமே ராணுவத்தில் சேர்ந்தான்.

"எதிரியோட வண்டிய வாங்கி ஓட்டு, போர் சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சொல்லித்தான் அக்கா வழியனுப்பினாள்.

எட்டே மாதம். கடல் கடந்த ஒரு போர்முனையில் அவன் இறந்துபோனான். வயது இருபத்திரண்டு. வாகனம் ஓட்டும்போது தாக்குதலில் வீரமரணம் என்று கடிதம் வந்தது. அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்பா அவன் பேச்சையே எடுப்பதில்லை. இன்னும் நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கலாமோ என்ற நினைப்பு அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, கொழுகொழுவென்று ஒருவர் வண்டி பழக வந்தார். உணவகத்தில் சமையல் வேலை. இடது காலை லேசாகச் சாய்த்து நடந்தார். ஸ்டியரிங்கைக் கரண்டி மாதிரிப் பிடித்துக் கிளறினார். மூன்றாம் நாள் நாற்சந்தி நடுவில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"கிளட்ச் என்ன கரப்பான்பூச்சியா, மிதிச்சுக் கொல்றதுக்கு? மெதுவா விடுங்க" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அக்கா வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள்.

"இதையேதான் அவனும் சொன்னான்."

"எவன்?"

"உங்க தம்பி. நான் அவனோட முகாம்ல சமையல்காரன். 'உப்பு'ன்னு கூப்பிடுவாங்க, ஏன்னு கேக்காதீங்க. மொத நாளே சொல்லியிருக்கணும். வாய் வரல."

முகாமின் மேல் குண்டு விழுந்த அன்று லாரி ஓட்டுநருக்கு அடிபட்டுவிட்டது. தம்பி ஏறி உட்கார்ந்தான். காயம்பட்டவர்களை ஏற்றிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பப் போனான். இரண்டாம் நடையில், காலில் ரத்தம் ஒழுக, உப்பு அவன் பக்கத்தில் இருந்தார்.

"வழி பூரா தன்னையே திட்டிக்கிட்டு வந்தான். கண்ணாடியப் பாரு கழுதை, கிளட்ச் என்ன கரப்பான்பூச்சியான்னு. யாருடா சொல்லித்தந்ததுன்னு கேட்டேன். 'எங்கக்கா. பேய் மாதிரி பக்கத்துலயே உக்காந்திருக்கா'ன்னான். ஒரு குழியில கூட வண்டிய விடலக்கா."

"அப்புறம்?"

"மூணாவது நடை போனான். திரும்பல. பதினோரு பேர் பொழச்சோம்."

அக்கா கை நீட்டிப் பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"எங்கிட்ட ஓட்டும்போது ஒருநாள் கண்ணாடியப் பாத்ததில்ல, கழுதை" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அன்று மதியமே உப்பை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அப்பா நாளிதழிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. கதை பாலத்தைத் தொட்டபோது நாளிதழை மடித்து வைத்தார். எல்லாம் கேட்டு முடித்து, "அங்க நல்லாத் தூங்கினானா?" என்றார்.

"அவன் தூங்கினான்ப்பா. அவன் விட்ட குறட்டையில நாங்கதான் தூங்கல."

அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியை உப்பின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் சொல்லு."